குடோன் வாசல் கண்ணாடிப் பெட்டி

அண்ணே,

சென்ற மாதம் இரத்த அழுத்தம் பார்க்க, திண்டுக்கல்லில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஆயுத பூசை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு மாடிப்படிக்கு அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மருந்து வாடையை மீறிக்கொண்டு சந்தனம் மணத்தது. திரும்பிப் பார்த்தால், தலைக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி. தீப்பிடித்தால் அழுத்த வேண்டிய பெட்டி. அதன் கண்ணாடிக்கு நடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். சந்தனம் காய்ந்து ஓரங்களில் வெடித்திருந்தது. மேல் விளிம்பில் ஒரு துண்டுச் செவ்வந்திச் சரத்தை ஒட்டியிருந்தார்கள்.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன். காவலுக்கு நின்றவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன பெரியவரே, பாத்ரூமா? அந்தப் பக்கம் போங்க" என்றார். இந்தப் பெட்டியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் காட்டிய பக்கம் போய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். மருத்துவர் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார். புது மாத்திரை எழுதினார். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பஞ்சுக் குடோன் எரிந்த அன்று, வாசலிலிருந்த கண்ணாடிப் பெட்டியை நீங்கள் அழுத்தினீர்களா, பதற்றத்தில் தவறவிட்டு வெறும் சுவரை அழுத்தினீர்களா என்ற கேள்வி. மில் முழுக்கச் சிரித்த கேள்வி. அதற்கான விடை என்னிடம் இருந்தது. நீங்கள் உயிரோடு இருந்த அத்தனை வருடமும் அதை நான் சொல்லவில்லை. இதை ஒரே மூச்சில் எழுதிவிட எனக்குத் தெம்பில்லை. வரிசையாகச் சொல்லிப் பழகியவன் நான். வரிசை தவறினால் கை ஓடாது.

வேடசந்தூர் சாலையில் நம் நூற்பாலை. நீங்கள் எலக்ட்ரீசியன். நான் பராமரிப்புப் பிரிவு எழுத்தர். இயற்பியல் படித்துவிட்டு, வகுப்பில் நாற்பது பேருக்கு முன்னால் நிற்கப் பயந்து, ஏடுகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டவன். உங்களைவிட எட்டு வயது இளையவன் என்பதால் என்னை அப்பு என்றீர்கள். மற்றவர்கள் முன்னால் மட்டும் சார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நம் இருவருக்கும் ஒரு வேலை இருந்தது. மில்லில் மொத்தம் பத்தொன்பது கண்ணாடிப் பெட்டிகள். வாரத்துக்கு ஒன்று என்று முறை வைத்துச் சோதிப்போம். நீங்கள் பெட்டிக்கு முன்னால் நிற்பீர்கள். நான் டைம் ஆபீசில், சுவரில் மாட்டிய கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால் ஏட்டோடு நிற்பேன். கண்ணாடியை அழுத்தாமலே பெட்டியைச் சோதிக்க ஒரு சாவி உண்டு. நீங்கள் அந்தச் சாவியைத் திருப்பினால், எந்தப் பகுதியோ அந்தப் பகுதிக்குரிய சிவப்பு விளக்கு என் முன்னால் எரியும். மணி அடிக்கும். நான் கட்டத்தில் சரி என்று குறியிடுவேன்.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் குடோன் பெண்களுக்கு விளக்கிய நாள் நினைவிருக்கிறது. புதிதாக ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். பாண்டியம்மாதான் அவர்களுக்கு மேற்பார்வை. நீங்கள் சொன்னீர்கள்: "உள்ளாற ஒரு சுவிட்சு இருக்கு. எப்படா வெளிய வருவோம்னு தவிச்சுக்கிட்டுக் கெடக்கு. இந்தக் கண்ணாடிதான் அதத் தடுத்துப் புடிச்சிருக்கு. கட்டவெரல வச்சு நடுவுல ஒரு அமுக்கு. கண்ணாடி வெலகும், அது வெளிய வந்துரும், மணி அடிச்சிரும்."

பாண்டியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எம் மாமியா மாதிரின்னு சொல்லுங்க. சும்மா இருக்க மாதிரித்தான் இருக்கும், லேசாத் தொட்டாப் போதும்" என்றாள். அப்படிச் சிரித்தார்கள். கண்ணாடி கையைக் கிழிக்காதா என்று ஒருத்தி கேட்டாள். மேலே மெல்லிய உறை ஒட்டியிருப்பதையும், நடுவில் கோடு கீறியிருப்பதால் கண்ணாடி அங்கே மட்டும்தான் உடையும் என்பதையும் காட்டினீர்கள். ஏன் வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள், சாமான் இருக்கும் இடத்தில் வைத்தால் என்ன என்று இன்னொருத்தி. "தீயப் பாத்தா நீ எங்கிட்டு ஓடுவ? வாசலுக்குத்தான். ஓடுற வழியில கைக்கு எட்டுறாப்புல வச்சிருக்கு. நின்னு தேட வேணாம், அமுக்கிட்டு ஓடிக்கிட்டே இரு" என்றீர்கள்.

எனக்குப் பெரிய சந்தேகம் ஒன்றிருந்தது, அதை அன்று கேட்டேன். தீ இல்லாமல் ஒருவர் தவறாக அழுத்திவிட்டால்? இருநூறு பேர் வேலையை விட்டு ஓடுவார்களே, மேலாளர் கேட்பாரே? நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "தப்பா அமுக்குனா மன்னிப்புக் கேட்டுக்கலாம் அப்பு. அமுக்காம விட்டா யாருகிட்டப் போயிக் கேக்க?"

குடோன் பெட்டியில் மட்டும் ஒரு சிக்கல். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் நீங்கள்தான். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு கம்பிகள் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து கிளம்பி, அங்குள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய், கடைசிப் பெட்டியில் ஒரு சிறு மின்தடையில் முடியும். பலகை எந்நேரமும் அந்தக் கம்பியில் சின்னதாக ஒரு மின்னோட்டத்தை விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் எங்கேயாவது கம்பி அறுந்தால் ஓட்டம் நின்றுபோகும், மஞ்சள் விளக்கு எரியும். யாராவது பெட்டியை அழுத்தினால் ஓட்டம் கூடும், சிவப்பு விளக்கு எரியும். கல்லூரியில் மூன்று வருடம் மின்சுற்று படித்த எனக்கு இது புரிய நீங்கள் தேவைப்பட்டீர்கள். ஆனால் குடோன் பிற்பாடு கட்டியது. கம்பி இழுத்தவர்கள் சோம்பல்பட்டு, பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து அங்கே கொண்டுபோய்விட்டார்கள். கிளை அறுந்தால் முதன்மைச் சுற்றில் எதுவும் மாறாது. மஞ்சள் விளக்கும் எரியாது. "இதுக்கு மட்டும் பேனலுக்குக் கண்ணு தெரியாது. நாமளாப் போயி அமுக்கிப் பாத்தாத்தேன் உண்டு" என்றீர்கள். மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுத்தீர்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அடுத்து மில்லை நிறுத்தும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது.

இனிமேல்தான் எழுதக் கடினம்.

அந்த வருடம் ஆயுத பூசை திங்கட்கிழமையில் வந்தது. முறைப்படி அன்றைக்குச் சோதிக்க வேண்டியது குடோன் பெட்டி. நீங்கள் கொடைரோட்டில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று விடுப்பில் இருந்தீர்கள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தீர்கள். தனியாளாகவும் செய்யலாம். சாவியைத் திருப்பி, மணி அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, டைம் ஆபீசுக்கு நடந்து வந்து பலகையைச் சரிசெய்தால் போதும். பதினொரு மணிக்குக் குடோனுக்குப் போனேன். தராசு, தள்ளுவண்டி, மணல் வாளி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். நம் பெட்டிக்குத்தான் பெரிய பொட்டு. அதன் மேல் ஒரு சரம். கீழே தரையில் வாழையிலையில் பொரியும் கடலையும்.

நான் சாவியை எடுத்ததைப் பார்த்துவிட்டு பாண்டியம்மா வந்தாள். "சார், இப்பத்தான் சூடம் காட்டி கும்பிட்டு வச்சிருக்கோம். இன்னைக்கி எதையும் எடுக்கக் கூடாது, தொடக் கூடாது. நாளைக்கிப் பாத்துக்கங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அன்று எந்த வீட்டிலும் அரிவாள்மனையைக்கூட எடுக்க மாட்டார்கள். சாவியைத் திருப்பினால் கண்ணாடி ஓர் இறக்கம் இறங்கும். கண்ணாடியிலும் சட்டத்திலுமாகப் பரவியிருந்த பொட்டு இரண்டாகப் பிளக்கும். அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கைப்பிடிப் பொரியை என் உள்ளங்கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

டைம் ஆபீசில் ஏடு திறந்தபடி கிடந்தது. அந்தப் பக்கத்தில் எல்லாக் கட்டத்திலும் குறி இருந்தது. அதற்கு முந்திய பக்கத்திலும். ஒன்பது வருடத்தில் ஒரு கட்டமும் காலியாக விட்டதில்லை. ஒரு காலிக் கட்டத்துக்குக் காரணம் எழுத வேண்டும். "பூசை" என்று எழுதினால் மேலாளர் சிரிப்பாரா, கோபிப்பாரா என்று யோசித்தேன். பொரியை மென்றுகொண்டே சரி என்று குறியிட்டேன். நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டால் அது பொய்யாகாது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மணி அடித்தால், நேற்று ஏன் மணிச்சத்தம் கேட்கவில்லை என்று யாராவது கேட்பார்களோ என்று தோன்றியது. புதன்கிழமை நீங்கள் வந்தீர்கள். "குடோன் பாத்துட்டியா" என்று போகிற போக்கில் கேட்டீர்கள். நான் ஏட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, தட்டிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

வியாழக்கிழமை பிற்பகல், பஞ்சுப் பொதியின் இரும்புப் பட்டையை வெட்டும்போது பொறி பறந்தது. நீங்கள் அப்போது குடோனுக்குள் ஏணியில் நின்று டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். பஞ்சு எரியும் வேகம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெண்களை வெளியே தள்ளினீர்கள். வாசலில் பெட்டியை அழுத்தினீர்கள். மணி அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினீர்கள். அடிக்கவில்லை. பிறகு திறந்த முற்றத்தைக் கடந்து, பஞ்சு சீவும் கார்டிங் பிரிவு வரைக்கும் ஓடி, அங்கிருந்த பெட்டியை அழுத்தினீர்கள். அப்போதுதான் என் முன்னால் விளக்கு எரிந்தது. குடோன் சேர்ந்த பகுதியின் விளக்கு எரியவில்லை, கார்டிங் விளக்கு எரிந்தது. அதற்குள் புகை, குடோனிலிருந்து பஞ்சு போகும் குழாய் வழியாக மில்லுக்குள் வந்துவிட்டது. பஞ்சு கலக்கும் மிக்சிங் பிரிவில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். தூக்கிக்கொண்டு வந்தார்கள், மாலைக்குள் தெளிந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை. இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன் தெரியுமா அண்ணே. யாரும் சாகவில்லை, யாரும் சாகவில்லை. மணிக்கணக்கில் வராந்தாவில் நடந்துகொண்டே சொல்லியிருக்கிறேன்.

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது. பெட்டிகளைப் பொருத்திய நிறுவனத்திலிருந்து ஒரு தொழில்நுட்பர் வந்திருந்தார். குடோன் பெட்டி உருகிச் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் நின்றுகொண்டே பேசினீர்கள். "கிளை ஒயரு அறுந்திருக்கும் சார். எலி கடிச்சிருக்கும். நான் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கேன்." தொழில்நுட்பர் என் ஏட்டைத் திருப்பி உங்களிடம் காட்டினார். தீப்பிடிப்பதற்கு மூன்று நாளுக்கு முன்னால்தான் இது அடித்திருக்கிறது, ஒன்பது வருட ஏட்டில் ஒரு பிசகு இல்லை, புகையில் கண் எரிந்து பெட்டிக்குப் பக்கத்தில் சுவரை அழுத்தியிருப்பீர்கள், பதற்றத்தில் இதெல்லாம் சகஜம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை அடித்ததா என்று கேட்டார்.

"ரிஜிஸ்டர்ல இருக்கு சார்" என்றேன்.

ஆம் என்று சொல்லவில்லை என்பதில் அன்று எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. எவ்வளவு கேவலமான ஆறுதல்.

நான்கு நாள் கழித்து, மில் வாசல் டீக்கடையில் நீங்கள் அதைக் கேட்டீர்கள். கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சாலையில் போன தக்காளி லாரியைப் பார்த்தபடி. "ஏன் அப்பு, திங்கக்கெழமை அடிச்சுச்சுல்ல?"

"அடிச்சுச்சுண்ணே."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "நீ டிக்குப் போட்டா அடிச்சுத்தேன் இருக்கும்" என்றீர்கள். வலது கட்டைவிரலை விரித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நாந்தேன் சரியா அமுக்கல போல" என்றீர்கள்.

மேலாளரிடம் நான் ஏட்டுக்குப் பின்னால் ஒளிந்தேன். உங்களிடம் வாயால் பொய் சொன்னேன். இரண்டுக்கும் எனக்குள் ஒரு வித்தியாசம் வைத்திருக்கிறேன். இரண்டாவதுதான் படுக்கவிடாமல் செய்கிறது. நீங்கள் சந்தேகப்பட்டிருந்தால், என்னைத் திட்டியிருந்தால், ஏட்டைப் பிடுங்கிப் பார்த்திருந்தால், நான் அன்றே உடைந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை. என்னைப் பற்றி நல்லதாக எதையும் நிச்சயமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பிறகு கேலி தொடங்கியது. கார்டிங் முருகேசன்தான் ஆரம்பம். நீங்கள் வரும்போது கட்டைவிரலைச் சுவரில் ஊன்றி, காதைத் தீட்டிக்கொண்டு, "அண்ணே, இன்னும் அடிக்கலண்ணே" என்பான். கேன்டீனில், சைக்கிள் நிறுத்துமிடத்தில், பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லும்போதும் அதே. விஷமாகச் சொல்லவில்லை. உங்கள் மேல் அவனுக்குப் பிரியம் உண்டு. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். "சொவத்துக்கும் ஒரு பெல்ல மாட்டிருவமா" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். மறு வருடம் ஃபோர்மேன் பதவிக்கு உங்களை விட்டு இன்னொருவரை எடுத்தார்கள். அவசரத்தில் நிதானம் போதாது என்று குறிப்பில் இருந்தது. அந்தக் குறிப்பைக் கோப்பில் சேர்த்தவனும் நான்தான்.

ஒன்று மட்டும் மாறியது. அதை மற்றவர்கள் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் பெட்டியைச் சோதிக்கும்போது எங்கோ பார்த்தபடி, யாரிடமாவது பேசிக்கொண்டே சாவியைத் திருப்புவீர்கள். பிறகு முகத்தைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோய், கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்புவீர்கள். மணி அடித்த பிறகும் உள் தொலைபேசியில் என்னைக் கூப்பிடுவீர்கள். "அடிச்சுச்சா?" என்பீர்கள். மணி உங்கள் காதுக்குள்ளும்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

நாம் ஓய்வு பெற்றோம். நீங்கள் மேட்டுப்பட்டி வீட்டில், நான் சின்னாளப்பட்டியில். மாதம் ஒரு முறை பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்புவேன். பேருந்தில் வாக்கியத்தை அமைத்துக்கொண்டே வருவேன். உங்களைக் கண்டதும் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து மூட்டுவலியில் முடிந்துவிடும். போன வருடம் நீங்கள் போய்ச்சேர்ந்த செய்தி வந்தபோது, முதலில் எனக்குள் எழுந்தது துக்கம் அல்ல, அண்ணே. இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று ஓர் இளைப்பாறல். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அந்த இளைப்பாறல் உங்களை அடக்கம் செய்து முடிப்பதற்குள் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. முடிந்து வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கறிச்சோறு. மில் ஆட்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தோம். பாண்டியம்மா எனக்கு எதிரில். உங்கள் மூத்த மகள் வரிசையாக வந்து கவனித்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, வெஞ்சனம் வக்கட்டா" என்று என்னிடம் கேட்டாள். மருத்துவமனையில் அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்த நாள் முதல் சரியாகச் சாப்பிடாதவன், வேண்டாம் என்று கையைக் குறுக்கே காட்டினேன்.

முருகேசன் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணன் மேல போயும் எங்கிட்டாச்சும் ஒரு சொவத்த அமுக்கிக்கிட்டுத்தேன் இருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் மகளும் சிரித்தாள். பக்கத்திலிருந்த தன் மருமகளுக்கு, "அப்பா தீப்பிடிச்சப்ப பெட்டின்னு நெனச்சு சொவத்த அமுக்கிட்டாராம்" என்று விளக்கினாள். வீட்டுக்கதையாகி, அடுத்த தலைமுறைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் நான் எழுந்து நின்றேன். கையில் சோறு ஒட்டியிருந்தது.

"அவரு பெட்டியத்தான் அமுக்குனாரு" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். திங்கட்கிழமை நான் சோதிக்கவில்லை, சோதித்ததாக எழுதினேன், விசாரணையில் மறைத்தேன், அவரே கேட்டபோதும் பொய் சொன்னேன் என்று, நாளும் கிழமையும் பிசகாமல். ஏன் சோதிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். எதிரில் பாண்டியம்மா இருந்தாள்.

அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். "நாந்தானே சார் தொடாதீங்கன்னேன். சாமி கும்பிட்டிருக்குன்னு நாந்தானே தடுத்தேன்."

"தொடாதீங்கன்னுதான் நீங்க சொன்னீங்க. அடிச்சுச்சுன்னு எழுதச் சொல்லலியே" என்றேன். வாழ்க்கையில் யாருக்கும் நான் இவ்வளவு சட்டென்று பதில் சொன்னதில்லை. அவள் உட்கார்ந்தாள். ஆனால் சாப்பிடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எட்டுப் பேரு அந்த மனுசனாலதான் வெளிய வந்தோம். நானும் சேந்துல்ல சிரிச்சிருக்கேன்" என்று முனகினாள்.

முருகேசன் குழம்பு ஊறிய சோற்றை விரலால் கிளறிக்கொண்டே இருந்தான். கடைசியில், "இத இப்ப வந்து சொல்றீங்களே சார். நான் எம்புட்டு வருசமா அவரப் பேசிருக்கேன்" என்றான்.

உங்கள் மகள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப எங்கப்பா உங்கள நம்பி, தன்னய நம்பாமயே போயிட்டாரு. அப்பிடித்தானே?"

ஆமாம் என்றேன். இந்த முறை நேராக, ஆமாம் என்று.

கீழே வைத்த பாத்திரத்தை மறுபடி எடுத்தாள். பிறகு, "உக்காந்து சாப்பிடுங்க சார். எலைய வச்சிட்டு எந்திரிக்காதீங்க" என்றாள். பிறந்ததிலிருந்து சித்தப்பா என்று அழைத்தவள். நான் உட்கார்ந்து, இலையில் இருந்த அத்தனையையும் தின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. ஐந்து நாளாக நடந்துகொண்டே இருக்கிறேன். கணக்கு முடியவில்லை. திங்கட்கிழமை நான் சாவியைத் திருப்பியிருந்தால் மணி அடித்திருக்குமா, தெரியாது. அன்றைக்கே அறுந்திருக்கலாம். அன்று நன்றாக அடித்து, புதன்கிழமை எலி கடித்திருக்கலாம். அப்படியானால் என் குறி தற்செயலாக உண்மையாகவும் இருந்திருக்கும். எந்த ஏட்டிலும் இனி அது கிடைக்காது. அந்தக் கட்டத்தில் எழுதியிருக்க வேண்டிய சொல் மட்டும் எனக்குத் தெரியும்: சோதிக்கவில்லை. ஒரே ஒரு சொல். அதை எழுதியிருந்தால் நீங்கள் புதன்கிழமையே சாவியைப் பிடுங்கிக்கொண்டு குடோனுக்குப் போயிருப்பீர்கள்.

விசாரணைக்குப் பிறகு ஒரு மதிய இடைவேளையில், யாரும் பார்க்காதபோது, எரிந்த வாசலிலிருந்து கார்டிங் பெட்டி வரைக்கும் காலடிகளை எண்ணியபடி நான் நடந்து பார்த்தேன். நூற்று நாற்பத்தொரு எட்டு. நீங்கள் ஓடியது அந்தத் தூரம். அவ்வளவு தூரமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் அண்ணே, உங்கள் விரல் பெட்டியில்தான் பட்டது, கண்ணாடி உள்ளே போனது, மணிதான் அடிக்கவில்லை என்று. சந்தேகமே இல்லாமல் தெரிந்திருக்கும். நூற்று நாற்பத்தொரு எட்டு வரைக்கும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான், விசாரணையில், நீங்கள் என் ஏட்டை மறுபடியும் பார்த்தீர்கள்.